கவிதைத் திருத்தமும் வாசகர் எதிர்வினையும்

1. முன்னுரை

கவிதை எழுதி முடிக்கப்படுவதற்கும் அச்சேறுவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அதனைப் படிப்பவர்கள் மிகச் சிலரே. நண்பர், உடன் எழுதுபவர், மனைவி, பதிப்பாசிரியர் என அவர்களை எண்ணிவிடலாம். எனினும் இச்சிலருடைய சொற்களால் கவிதையின் அடிகள் நீங்கியிருக்கின்றன, பத்திகள் மாறியிருக்கின்றன, சில வேளைகளில் நூல் முழுமையும் வேறு உருவம் பெற்றிருக்கிறது. இத்தகைய முதல் வாசகரின் எதிர்வினை எவ்வாறு திருத்தமாக உருமாறுகிறது என்பதனை மொழியியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கவிதையை மொழிபெயர்ப்போரும், பிறருடைய பெயர்ப்பைச் சரிபார்ப்போரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் இது என்பதனால், அவர்களுக்கு இதனால் விளையும் பயனும் இறுதியில் சுட்டப்படும்.

தமிழ் மரபில் எதிர்வினையை அவையின் தீர்ப்பாகக் காணும் போக்கு வலுவாக உள்ளது. நூல் அரங்கேற வேண்டும். அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவார். திருவிளையாடற் புராணத்தில் வரும் தருமியின் கதையில் நக்கீரர் குற்றம் காண்கிறார். குற்றம் சொல்லிலா பொருளிலா என்னும் வினாவும் எழுகிறது. ஆயினும் பாட்டு ஓர் எழுத்தும் மாறுவதில்லை. குற்றம் உண்டு அல்லது இல்லை என்னும் முடிவே அங்குக் கருதப்படுகிறது. குற்றம் கண்டவரின் சொல்லை வைத்துக்கொண்டு பாட்டை மீண்டும் எழுதுதல் என்பது இவ்விரு முடிவுகளினின்றும் வேறுபட்ட மூன்றாவது செயலாகும். அதற்குரிய சான்றுகள் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலேயே கிடைக்கும். ஆதலின் எமிலி டிக்கின்சன், டி.எஸ். எலியட், ரவீந்திரநாத் தாகூர் ஆகிய மூவரின் படிகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. எதிர்வினையின் நான்கு கூறுகள்

வாசகர் எதிர்வினையை முறைப்படி திரட்டி ஆராய்ந்தவர்களுள் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் முதன்மையானவர். கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களுக்கும் பிறருக்கும் ஆசிரியர் பெயரின்றிக் கவிதைகளை வழங்கி, அவர்கள் எழுதித் தந்த கருத்துரைகளுள் பதின்மூன்று கவிதைகளைப் பற்றியவற்றைத் தொகுத்து 1929இல் அவர் நூலாக்கினார். நேர்ப்பொருளையே பிடிக்கத் தவறுதல், கவிதைக்குத் தொடர்பற்ற சொந்த நினைவுகளை ஏற்றுதல், முன்கூட்டியே அமைந்துவிட்ட உணர்ச்சிகளைக் கொட்டுதல், யாப்புப் பற்றிய முன்முடிவுகளைக் கொண்டு அளத்தல் முதலிய பத்து இடர்ப்பாடுகளை அவர் வகுத்துக் காட்டினார். நன்கு கற்ற வாசகரும் தவறாகப் படிக்கக்கூடும் என்பது இந்நூலால் நிறுவப்பட்டது. அவ்வாறாயின், தவறாகப் படிக்கக்கூடிய ஒருவரின் சொல்லைக் கேட்டுக் கவிஞர் எதற்காகத் திருத்த வேண்டும் என்னும் வினா எழும்.

இவ்வினாவிற்கு விடைகாண உதவுவது மைக்கேல் ரிஃபாத்தேர் 1966இல் எழுதிய கட்டுரையாகும். பூனைகளைப் பற்றிய போதலேரின் கவிதையை ரோமன் யாக்கப்சனும் கிளாட் லெவி-ஸ்ட்ராசும் 1962இல் இலக்கண நோக்கில் பகுத்தாராய்ந்திருந்தனர். அவர்கள் கண்ட இணைநிலைகளுள் பல, படிப்பவர் உணராதவை என்று ரிஃபாத்தேர் மறுத்தார். உணரப்படுவன எவை என்பதனை அறிய, அக்கவிதையைப் படித்தோர் அனைவரையும் ஒருங்கே சேர்த்து ‘மீவாசகர்’ என்னும் கருவியை அவர் அமைத்துக்கொண்டார். அதில் திறனாய்வாளர், மாணவர், அகராதி ஆசிரியர் ஆகியோருடன் மொழிபெயர்ப்பாளர்களும் இடம்பெற்றனர். போதலேர் தாமே செய்த திருத்தமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. இக்கருவியைப் பயன்படுத்துகையில் அவர் மேற்கொண்ட நெறி குறிப்பிடத்தக்கது. எதிர்வினையின் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு, எதிர்வினை எழுந்த இடத்தை மட்டும் அவர் கணக்கில் கொண்டார். ஒருவர் புகழலாம், மற்றவர் இகழலாம், இன்னொருவர் தவறாக விளக்கலாம். மூவரும் ஒரே சொல்லில் நின்றார்கள் என்பதே செய்தி.

இந்நெறியைச் சற்றே விரித்து, முதல் வாசகரின் எதிர்வினையை நான்கு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். (அ) இடம்: வாசகர் எங்கே நின்றார். (ஆ) விளைவு: அங்கே அவருக்கு என்ன நேர்ந்தது. (இ) காரணம்: ஏன் நேர்ந்தது என அவர் கருதுகிறார். (ஈ) மாற்று: அவ்விடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என அவர் முன்மொழிகிறார். முதலிரண்டிற்கும் வாசகரே சான்று. அவற்றை மறுக்க ஆசிரியரிடம் ஆதாரம் இல்லை. காரணம் கூறுகையில் வாசகர் பகுப்பாய்வாளராகிறார். அங்கே அவர் பிழைபடலாம். மாற்றுத் தருகையில் அவர் ஆசிரியராகிறார். அங்கே அவருடைய மொழிவழக்கும் சுவையும் பனுவலுக்குள் நுழைகின்றன. அகரத்தினின்று ஈகாரத்தை நோக்கிச் செல்லச் செல்ல எதிர்வினையின் நம்பகம் குறைகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். பின்வரும் மூன்று நிகழ்வுகளும் இதனைச் சோதிக்கின்றன.

3. டிக்கின்சனும் சூசனும்

வெண்கல் அறைகளில் உயிர்த்தெழுதலை எதிர்நோக்கியிருக்கும் இறந்தோரைப் பற்றிய டிக்கின்சனின் கவிதை இரண்டு பத்திகளால் ஆனது. அதன் தொடக்க வடிவத்தில் இரண்டாம் பத்தி, கல்லறைக்கு மேலே வீசும் தென்றலையும் வண்டையும் பறவைகளையும் பேசியது. அடுத்த வீட்டில் வாழ்ந்த அண்ணன் மனைவி சூசனுக்கு இப்பத்தி நிறைவளிக்கவில்லை. 1861இல் டிக்கின்சன் வேறொரு பத்தியை எழுதி அனுப்பினார். அதில் ஆண்டுகளும் வான்கோளங்களும் வீழும் மணிமுடிகளும் ஓசையின்றிக் கடந்து செல்கின்றன. அதுவும் சூசனுக்கு ஒப்பவில்லை. புதிய பத்தி தன்னளவில் ஒளி உடையதாயினும் முதற்பத்தியின் ஒளியோடு அது சேரவில்லை என்றும், முதற்பத்திக்கு இணையே தேவையில்லை என்றும் அவர் மறுமொழி எழுதினார். முதற்பத்தியை நினைத்தபின் தாம் நெருப்பருகே சென்று குளிர்காய வேண்டியிருப்பதாகவும் குறிப்பிட்டார். டிக்கின்சன் மீண்டும் ஒரு பத்தியை எழுதி, இது முன்னதினும் குளிர்ந்ததா என வினவினார்.

இம்மடல்களில் சூசன் கூறியவற்றை நான்கு கூறுகளில் பொருத்திப் பார்க்கலாம். இடம் தெளிவாக உள்ளது: இரு பத்திகளும் இணையும் எல்லை. விளைவும் தெளிவாக உள்ளது: முதற்பத்தியின் குளிர். காரணத்தை அவர் உவமையாகவே சொல்கிறார். மாற்றாக ஓர் அடியையும் அவர் எழுதித் தரவில்லை. டிக்கின்சனின் விடையும் விளைவைப் பற்றிக்கொண்டே எழுகிறது. ‘குளிர்’ என்னும் சூசனின் அளவுகோலையே அவர் ஏற்றுக்கொள்கிறார்.

இதற்கு மேலும் ஒரு செய்தி உண்டு. தொடக்க வடிவத்தின் முதற்பத்தியில் இறந்தோர் ‘உறங்குகின்றனர்’. 1862 ஏப்ரலில் தாமஸ் வென்ட்வர்த் ஹிக்கின்சனுக்கு அனுப்பிய படியில் அவர்கள் ‘கிடக்கின்றனர்’. உறங்குதல் என்னும் வினை விழித்தலை முற்கோளாகக் கொண்டது. கிடத்தலுக்கு அம்முற்கோள் இல்லை. உயிர்த்தெழுதல் பற்றிய உறுதி இவ்வொரு வினைமாற்றத்தால் தளர்ந்துவிடுகிறது. சூசனின் மடல் குறை கூறாத பத்தியிலேயே இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பது கருதத்தக்கது. இரண்டாம் பத்தியில் தென்றல் நீங்கி அண்டத்தின் காலம் புகுந்தபின், முதற்பத்தியின் வினை அதனோடு ஒத்திசைய வேண்டியதாயிற்று. வாசகர் காட்டிய இடத்தில் நோய்க்குறி இருக்கலாம். திருத்தம் வேறிடத்தில் நிகழலாம்.

இந்நிகழ்வின் பின்வரலாறு பதிப்புச் சிக்கலையும் காட்டுகிறது. 1862 மார்ச் 1ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நாளிதழில் தொடக்க வடிவமே அச்சாயிற்று. 1890இல் வெளிவந்த முதல் தொகுப்பிலோ இரு வடிவங்களையும் பதிப்பாசிரியர்கள் ஒட்டி மூன்று பத்திக் கவிதையாக்கினர். ஒன்றற்கொன்று மாற்றாக எழுதப்பட்டவை அங்கு ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வேறுபாடுகளுடன் கூடிய தாமஸ் ஜான்சனின் பதிப்பு 1955இல் வரும்வரை, அத்தொகுப்பை நம்பியோர் கவிஞர் எழுதாத ஒரு கவிதையையே படித்தனர்.

4. எலியட்டும் பவுண்டும்

எலியட்டின் ‘பாழ்நிலம்’ 1922 அக்டோபரில் வெளிவந்தது. அதன் வரைவுகளை எஸ்ரா பவுண்ட் குறைத்துச் சீர்செய்தார் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆயினும் கையெழுத்துப் படி நியூயார்க் பொதுநூலகத்தில் உள்ளதென்பது 1968இல்தான் வெளிப்பட்டது. 1971இல் வேலரி எலியட் அதன் ஒளிப்படப் பதிப்பை வெளியிட்டபின், எதிர்வினையின் ஒவ்வொரு தடமும் கண்ணெதிரே கிடைக்கிறது.

பவுண்டின் பணியில் பெரும்பகுதி நீக்கலே. நான்காம் பகுதியில் இருந்த நீண்ட கடற்பயணக் கதை, ஏறத்தாழ 80 அடிகள், நீங்கியது. பத்து அடிகளே எஞ்சின. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் அமைந்த ஈரடிச் செய்யுட்களும் நீங்கின. இவ்வளவு நீங்கியதனால் மனந்தளர்ந்த எலியட், எஞ்சிய பத்து அடிகளையும் விட்டுவிடலாமா எனக் கேட்டார். கூடாது, அவை கவிதைக்கு இன்றியமையாதவை எனப் பவுண்ட் மறுத்தார். முற்பகுதியில் வரும் சீட்டுக்குறியில் அம்மாலுமி சுட்டப்பட்டிருப்பதனால் பின்னர் அவன் வந்தாக வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். மொழியியலார் கருத்தாடல் பிணைப்பு என வழங்கும் பண்பு இதுவே. முன்சுட்டு ஒன்று நிறைவுபெறாமல் நிற்பதனை இவ்வாசகர் கண்டுகொண்டார்.

பிணைப்பினும் நுட்பமான சான்று தட்டச்சுப் பெண்ணைப் பற்றிய பகுதியில் உள்ளது. அதனைக் கண்டு உரைப்பவர் முக்காலமும் அறிந்த டைரீசியஸ். வரைவிலோ அவர் கூற்றில் ஐயப்பொருள் தரும் சொற்கள் இடம்பெற்றிருந்தன. அவ்விடங்களில் பவுண்ட் சினத்துடன் ஓரக்குறிப்பு எழுதினார்: தெரிந்தவர் தெரிந்தவராகப் பேசட்டும், தெரியாதவரானால் அதனையும் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்பது அக்குறிப்புகளின் கருத்து. ஐயமும் உறுதியும் உணர்த்தும் கூறுகளை வினைமுற்றிலும் இடைச்சொல்லிலும் வைத்துப் பேசும் தமிழர்க்கு இதன் அருமை எளிதில் புலப்படும். ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்திருக்கலாம்’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு செய்தியைச் சார்ந்தது மட்டுமன்று. பேசுவோன் யார் என்பதனையும் அது சார்ந்தது. பாத்திரத்தின் அறிவுநிலைக்கும் வினைப்பாங்கிற்கும் முரண் ஏற்பட்ட இடத்தில் வாசகர் தடுக்கி விழுந்தார். மேலும் அப்பகுதி நான்கடிச் செய்யுட்களாக அமைந்திருந்தது. பவுண்டின் நீக்கங்கள் அந்த ஒழுங்கையும் உடைத்தன. யாப்பை நிறைப்பதற்காகவே சில சொற்கள் வந்திருந்தன என்பது அதனால் தெரியவந்தது.

எலியட்டின் மனைவி விவியனும் இவ்வரைவைப் படித்தவர். மதுக்கடை உரையாடலில் அவர் எழுதித் தந்த ஓர் அடி அப்படியே ஏற்கப்பட்டது. மாற்றுத் தருதல் நம்பகம் குறைந்தது என்னும் நம் கருதுகோளுக்கு இது விலக்காகத் தோன்றலாம். ஆனால் அப்பகுதி பேச்சுவழக்கைப் போலச்செய்யும் பகுதி. அங்கே தேவைப்பட்டது அவ்வழக்கை அறிந்த காது. விவியனிடம் அது இருந்தது. மாற்றுத் தருபவர் பனுவல் வேண்டும் மொழிவகையைப் பனுவலாசிரியரினும் நன்கு அறிந்திருப்பாராயின் மாற்று பொருந்தும் எனக் கருதுகோளைத் திருத்திக்கொள்ளலாம்.

பவுண்டே இக்கவிதையின் இணையாசிரியர் என்னும் கூற்று அடிக்கடி எழுகிறது. படிகள் இக்கூற்றுக்கு இடமளிக்கவில்லை. அவர் நீக்கினார், சுட்டினார், வினவினார். எழுதிச் சேர்த்தது மிகக் குறைவு. பவுண்டைச் சிறந்த கைவினைஞர் எனத் தாந்தேயின் தொடரால் எலியட் போற்றியதும் இதற்கு முரணன்று, நீக்குதலும் கைவினையே.

5. தாகூரும் ஆங்கில வாசகரும்

மேற்கண்ட இரு நிகழ்வுகளிலும் எழுதியவரும் படித்தவரும் ஒரே மொழியினர். தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலியில் நிலை வேறு. 1912இல் உடல்நலம் தேறும் பொருட்டு ஷிலைதஹாவில் தங்கியிருந்தபோது தம் வங்கப் பாடல்களை அவர் ஆங்கில உரைநடையில் பெயர்க்கத் தொடங்கினார். லண்டனில் வில்லியம் ரோதன்ஸ்டைனிடம் அக்குறிப்பேட்டைத் தந்தார். ரோதன்ஸ்டைன் படியெடுத்து யேட்ஸ், பிராட்லி, ஸ்டாப்ஃபோர்டு புரூக் ஆகியோருக்கு அனுப்பினார். யேட்ஸ் திருத்தங்கள் செய்து முன்னுரையும் எழுத, 1912 நவம்பரில் இந்தியா சொசைட்டி 750 படிகள் வெளியிட்டது. 1913 நவம்பரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நூலில் உள்ள 103 பாடல்களுள் ஏறத்தாழப் பாதியே 1910இன் வங்கக் கீதாஞ்சலியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஏனையவை பிற தொகுதிகளைச் சார்ந்தவை.

யேட்ஸ் எந்த அளவிற்குத் திருத்தினார் என்பது நெடுநாள் விவாதம். அங்கங்கே சிறு மாற்றங்களையே அவர் கூறினார் என ரோதன்ஸ்டைன் 1932இல் தம் நினைவுநூலில் பதிவு செய்தார். ஹார்வர்டில் உள்ள கையெழுத்துப் படியை அச்சுநூலோடு ஒப்பிட்டால், யேட்ஸே எழுதினார் என்னும் வதந்தி நிலைபெறாது. ஆயினும் சிறு மாற்றம் என்பதனாலேயே அதன் விளைவு சிறிதாகிவிடுவதில்லை. 2011இல் வில்லியம் ராடிச்சே கையெழுத்துப் படியின் பாடத்தையும் வரிசையையும் மீட்டு வெளியிட்டு, பத்தியமைப்பு, நிறுத்தக்குறி, வரிசை ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்கள் பாடல்களின் நடையையே மாற்றிவிட்டன என வாதிட்டார். சொல்லை மட்டும் எண்ணுபவருக்கு இம்மாற்றங்கள் தென்படா.

1915இல் ராபர்ட் பிரிட்ஜஸ் கீதாஞ்சலியின் 67ஆம் பாடலைத் தாம் திருத்திய வடிவில் தம் தொகைநூலில் சேர்க்க இசைவு கேட்டார். தாகூர் தயங்கினார். யேட்ஸ் செம்மை செய்த பாடத்தை மற்றொருவர் மாற்றுவது எவ்வாறு என்பது அவர் இடர்ப்பாடு. இறுதியில் இசைவு கிடைத்து, 1916இல் திருத்தப் பாடம் அந்நூலில் வெளிவந்தது. இங்குக் கருதத்தக்கது ஒன்று. பிரிட்ஜஸுக்கு எதிரே இருந்தது ஆங்கிலப் பாடம் மட்டுமே. வங்கப் பாடலின் யாப்பும் இயைபும் இசையும் அவருக்கு எட்டாதவை. அவர் ஆங்கிலத்தை ஆங்கிலத்தால் அளந்தார். இடமும் விளைவும் அவருக்கு உண்மையாகவே புலப்பட்டிருக்கலாம்; காரணத்தையும் மாற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க அவருக்கு வழியில்லை.

இத்தகைய வாசகருக்காக எழுதிக்கொண்டே போனதன் விலையைத் தாகூரே அறிந்திருந்தார். 1921இல் எட்வர்ட் தாம்சனுக்கு எழுதிய மடலில், பெயர்க்கும்போது கடினமானவற்றை அஞ்சித் தவிர்த்ததாகவும், அதனால் பாடல்கள் வழவழப்பாகவும் மெலிந்தும் போனதாகவும், தம் நாணயங்களைத் தாமே போலியாக்கிக்கொண்டதாகவும் அவர் வருந்தினார். மறுபுறம் யேட்ஸோ 1935இல் ரோதன்ஸ்டைனுக்கு எழுதிய மடலில் தாகூரின் பிற்கால ஆங்கில நூல்களைக் கடிந்துரைத்தார். முதலில் வியந்த வாசகரே பின்னர் வெறுத்தார். ஆங்கில வாசகரின் விருப்பத்தை முன்கூட்டியே ஊகித்து அமைத்த பாடம், அவ்விருப்பம் மாறியபோது பற்றுக்கோடின்றி நின்றது.

மொழியியல் சான்று ஒன்று இதனை விளக்கும். வங்கத்தில் முன்னிலைப் பெயர் துய், துமி, ஆப்னி என மூன்று நிலையுடையது. பாடல்களில் இறைவனை விளிக்கும் ‘துமி’ நெருங்கியோரிடையே அன்றாடம் வழங்குவது. ஆங்கிலக் கீதாஞ்சலியில் அது பழைய ஒருமை முன்னிலையாயிற்று. 1912இல் அவ்வடிவம் பொதுவழக்கில் பெரிதும் அருகி, விவிலியத்திலும் வழிபாட்டிலும் பழங்கவிதையிலும் எஞ்சியிருந்தது. ஆகவே வீட்டுமொழி கோயில்மொழியாக உயர்ந்தது. வங்கப் படர்க்கைப் பெயரில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ஆங்கிலம் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். இவ்விரு இடங்களிலும் ஆங்கில வாசகர் தடுக்கவில்லை. மாறாக, அவ்வுயர்நடையையே கீழைநாட்டு ஞானத்தின் இயல்பாகக் கொண்டு மகிழ்ந்தார். வாசகர் தடுக்காத இடத்திலும் இழப்பு நிகழலாம் என்பதனைத் தாகூரின் நிகழ்வு உணர்த்துகிறது.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய முடிபுகள்

ஆங்கில வழியாகத் தமிழுக்கு வரும் கவிதையில் இவ்விழப்பு இரட்டிப்பாகிறது. ஆங்கிலத்தின் பழைய முன்னிலையைக் கண்ட தமிழ்ப் பெயர்ப்பாளர் ‘தேவரீர்’, ‘நும்’ என உயர்த்திச் செல்ல நேரும். வங்கத்தின் ‘துமி’யைக் கண்டவர் தயக்கமின்றி ‘நீ’ என்பார். நெருக்கமும் வணக்கமும் ஒருங்கே அமைந்த ‘நீ’ தமிழ்ப் பத்தி மரபிலேயே உள்ளது. ஆங்கிலப் பாடத்தைத் தாகூரே எழுதினார் என்பதனால் அது மூலத்திற்கு நிகராகிவிடாது. அதுவும் ஒரு வாசகக் குழுவை நோக்கித் திருத்தப்பட்ட பாடமே.

மொழிபெயர்ப்புப் பட்டறைகளிலும் பதிப்பகங்களிலும் பெரிதும் வழங்கும் கருத்துரை ‘சரளமாக இல்லை’ என்பது. இது விளைவைக் கூறுகிறது, இடத்தைக் கூறுவதில்லை. அக்கருத்துரைக்கு அஞ்சிய பெயர்ப்பாளர் பாடம் முழுவதையும் இழைத்து வழவழப்பாக்குகிறார். தாகூர் வருந்திய நிலை இதுவே. சரிபார்ப்பவர் எந்தச் சொல்லில் நின்றார், சுட்டுப்பெயர் எதனைச் சுட்டுகிறதென விளங்கவில்லையா, வினைப்பாங்கு பேசுவோனுக்குப் பொருந்தவில்லையா, சொல்வரிசை இடறுகிறதா எனக் கேட்டுப் பெற வேண்டும். அவர் தரும் மாற்றை உடனே ஏற்காமல், அவ்விடத்தில் மூலமும் இடறுகிறதா எனப் பார்க்க வேண்டும். மூலம் இடறுமாயின் பெயர்ப்பும் இடறுவது குறையன்று.

மூலமறிந்த வாசகர் ஒருவரும் மூலமறியாத வாசகர் ஒருவரும் தனித்தனியே படிப்பது நலம். மூலமறியாதவர் பெறுமொழியின் இடறலைக் காட்டுவார். அவர் இடறாமலே கடந்துபோன இழப்புகளை மூலமறிந்தவரே காட்ட இயலும். ஒருவர் செய்யும் பணியை மற்றவரிடம் எதிர்பார்ப்பதனால்தான் பெரும்பாலான பூசல்கள் எழுகின்றன.

எந்தப் பாடத்தைப் பெயர்ப்பது என்பதும் முன்னதாகவே தீர்மானிக்கப்பட வேண்டும். 1939 செப்டம்பர் முதல் நாளைத் தலைப்பாகக் கொண்ட டபிள்யூ.எச். ஆடனின் கவிதையில், 1945 தொகுப்பில் ஒரு பத்தி நீங்கியது, 1955இல் ஒரு தொகைநூலுக்காக ஓர் அடியின் ‘அல்லது’ என்னும் பொருளுடைய இணைப்புச்சொல் ‘உம்’மைப் பொருளதாக மாறியது, 1966 தொகுப்பில் கவிதையே இடம்பெறவில்லை. இணைப்பிடைச்சொல் ஒன்று மாறியதனால் நிபந்தனை இரங்கலாகிவிட்டது. எப்பதிப்பை எடுத்தோம் எனக் குறிக்காத பெயர்ப்பு, இம்மூன்று ஆடன்களுள் எவருடையது என்பதனைப் படிப்பவர் அறிய வழியில்லை.

7. முடிவுரை

வாசகர் எதிர்வினை தீர்ப்பாகவும் கட்டளையாகவும் கொள்ளப்படும்போது கவிதைக்குக் கேடு விளைகிறது. மொழித்தரவாகக் கொள்ளப்படும்போது பயன் விளைகிறது. சூசனின் குளிர், பவுண்டின் சினம், பிரிட்ஜஸின் திருத்தம் ஆகிய மூன்றும் ஒரே வகையின அல்ல. முதலது விளைவைத் தந்தது. இரண்டாவது பெரிதும் இடத்தையும் காரணத்தையும் தந்தது. மூன்றாவது மாற்றையே தந்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்து பயன்கொள்வதற்குத் தரவுகள் வேண்டும். நம் மொழிகளில் கவிஞரும் பெயர்ப்பாளரும் வரைவுகளை எறிந்துவிடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. கணிப்பொறியில் எழுதும் இக்காலத்திலோ முந்திய வடிவம் சுவடின்றி அழிகிறது. வரைவுகளையும் அவற்றின் ஓரக்குறிப்புகளையும் நாளிட்டுப் பாதுகாக்கும் பொறுப்பை மொழி நிறுவனங்களும் நூலகங்களும் ஏற்பின், இங்கு மூன்று அயற்சான்றுகளைக் கொண்டு கூறப்பட்டவற்றைத் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டு சோதிக்க இயலும்.